பத்தே நாளில் பளபளப்பா? பயப்படுங்கள்!

முகச் சுருக்கம், மங்கு என்னும் கறுந்திட்டு, தோல் தளர்ச்சி பற்றித் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம். பதில் சொல்பவர்கள் நம் தோல் மருத்துவக் குழுவினர். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

வயது 44. தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய் வேலை பார்த்துத் திரும்புகிறேன். கண்ணோரம் கோடுகள், இரண்டு கன்னத்திலும் மங்கு. விளம்பரம் பார்த்து வைட்டமின் சி, நியாசினமைடு, பெப்டைடு, ரெட்டினால் என்று ஏழு குப்பி வாங்கிவிட்டேன். நாலு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது?
– வாசகி, களியக்காவிளை

ஏழு பெயரையும் படித்தோம். சன்ஸ்கிரீன் அதில் இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை இதுதான்.

முகத்தில் வயதைக் காட்டுவதில் பெரும்பங்கு வெயிலுடையது. யூ.வி.-ஏ என்னும் புற ஊதாக் கதிர் தோலின் உள்ளடுக்கு வரை இறங்கி, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நாரைக் கரைக்கும் நொதிகளைக் கிளப்பிவிடும். மேகமூட்டத்தையும் பஸ் ஜன்னல் கண்ணாடியையும் அது தாண்டி வரும். வெள்ளைக்காரர்களுக்கு முதலில் சுருக்கம் விழும். நம் மாநிறத்துக்கு முதலில் மங்குதான் விழும். களியக்காவிளையைத் தாண்டினால் அதற்குக் கரிமாங்கல்யம் என்று பெயர், நகரிப் பக்கம் தெலுங்கில் மங்கு மச்சலு. மங்குக்கு ஹார்மோன், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எந்தக் காரணத்தால் வந்தாலும் வெயில் பட்டால் கறுக்கும்.

சன்ஸ்கிரீனுக்குச் சான்று வலுவானது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 15 தான்.

நீங்கள் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, கூடவே பி.ஏ.+++ என்று அச்சிட்டதை வாங்குங்கள். 30 என்றால் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூ.வி.-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். பி.ஏ. குறிதான் யூ.வி.-ஏ பற்றிச் சொல்லும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

பெரும்பாலோர் தவறு செய்வது அளவில். ஆய்வகத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட வருவதில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது வேண்டும். வீட்டை விட்டு இறங்க 15 நிமிடம் முன்னால் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் ஒரு மாதத்துக்குமேல் வராது. உங்கள் டியூப் நாலு மாதம் வந்தால் பூசவில்லை, காட்டினீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது மருந்து ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ வகைக் களிம்பு. 1970-களில் முகப்பருவுக்கு வந்தது. வெயிலால் கெட்ட தோலையும் அது சீராக்குகிறது என்று 1986-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் குழுவினர் எழுதியதிலிருந்து இன்றுவரை, பூசும் மருந்துகளில் அதற்கு ஈடாக நிரூபிக்கப்பட்டது வேறில்லை. உங்களிடம் இருக்கும் ரெட்டினால் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. தோலுக்குள் போய் இரண்டு கட்டமாக மாறின பிறகுதான் அதே பொருளாகும், அதனால் வீரியம் பல மடங்கு குறைவு. எரிச்சலும் குறைவு என்பதால் அதிலேயே தொடங்கினாலும் தப்பில்லை.

ட்ரெட்டினாயின் டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. 0.025 சதவீதத்தில் தொடங்குங்கள். இரவு முகம் கழுவித் துடைத்து 20 நிமிடம் உலர விடுங்கள். ஈரத் தோலில் பூசினால் சுருக்கென்று எரியும். முழு முகத்துக்கும் பட்டாணி அளவு போதும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண்ணின் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் முனை மூன்றையும் விட்டுவிடுங்கள். மேலே சாதாரண மாய்ஸ்சுரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு. நாலிலிருந்து ஆறு வாரம் தோல் உரியும், சிவக்கும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், இரண்டு இரவு இடைவெளி விட்டுத் தொடருங்கள். மெல்லிய கோடும் நிறத்திட்டும் மங்குவதைப் பார்க்க மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். தொங்கிய தாடை இதனால் ஏறாது.

மேலுதட்டில் த்ரெட்டிங் அல்லது வாக்ஸிங் செய்பவர்கள் நாலைந்து நாள் முன்பே அந்த இடத்தில் பூசுவதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல்தோல் நூலோடு வந்துவிடும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் ரெட்டினாலையும் ட்ரெட்டினாயினையும் தொடக் கூடாது.

இனி குப்பிகள். வைட்டமின் சி தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் கெட்டுவிட்டது, வீசுங்கள். அது 10 முதல் 20 சதவீதம் எல்-அஸ்கார்பிக் அமிலமாக, புளிப்பு அதிகமான திரவத்தில், காற்றும் வெளிச்சமும் படாத குப்பியில் இருந்தால்தான் தோலுக்குள் போகும். நம் ஊர் வெக்கையில் திறந்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மங்குக்குக் கொஞ்சம் உதவும். பெப்டைடு விஷயத்தில் விளம்பரம் அதிகம், சான்று குறைவு. இருப்பதைத் தீருங்கள், மறுபடி வாங்காதீர்கள்.

கம்பத்திலிருந்து குமுளி வழியாகச் சபரிமலை சீசனுக்கு வண்டி ஓட்டுகிறேன், 22 வருஷமாகிறது. வலது கன்னம் மட்டும் கறுத்து, தடித்து, கோடு விழுந்திருக்கிறது. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. வியாதியா?
– ஓட்டுநர், கம்பம்

உங்கள் வலது பக்கம் ஜன்னல். முன் கண்ணாடி இரண்டு தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, யூ.வி.-ஏ கதிரில் பெரும்பகுதியை அது நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி ஒற்றைத் தகடு, அதில் கதிர் தாராளமாக நுழையும். 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 ஆண்டு வண்டி ஓட்டியவர். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் இடது கன்னம் மட்டும் கிழவர் கன்னமாக இருந்தது.

சன்ஸ்கிரீன் காலை ஒன்று, 11 மணிக்கு ஒன்று. காதும் கழுத்தின் வலப்பக்கமும் மறக்க வேண்டாம். கைக்கு முழுக்கை உறை. அந்தக் கறுப்பில் ஆறாத புண், ரத்தம் கசிதல், ஒரு புள்ளி மட்டும் வளர்தல் என்று ஏதாவது இருந்தால் க்ரீம் பூசிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் தங்கை பாறசாலையில் ஒரு ஃபேன்ஸி கடையில் "வெளிநாட்டு" க்ரீம் வாங்கிப் பூசினாள். பத்தே நாளில் முகம் வெளுத்து, சுருக்கம் எல்லாம் நிரவினாற்போல் ஆகிவிட்டது. எட்டு மாதமாகப் பூசுகிறாள். ஒரு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது. இப்போது கால் வீங்குகிறது என்கிறாள். சம்பந்தம் உண்டா?
– வாசகி, மார்த்தாண்டம்

உண்டு. இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பத்து நாளில் நிறத்தை மாற்றும் க்ரீமில் வழக்கமாக இருப்பது இரண்டில் ஒன்று, சில சமயம் இரண்டும்: பாதரசம், வீரியமான ஸ்டீராய்டு. பாதரசம் தோலுக்குக் கறுப்பு தரும் மெலனினை உண்டாக்கும் நொதியை முடக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கும். அப்போது ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும், நுரை நுரையாகப் போகும், காலும் கண் இமையும் வீங்கும். 2023-ல் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் இப்படி வந்த நோயாளிகளை அடுத்தடுத்துப் பார்த்தார்கள். வேறு காரணம் கிடைக்காமல் விசாரித்தபோது, முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. இந்திய விதிப்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தங்கை செய்ய வேண்டியது: க்ரீமை இன்றே நிறுத்த வேண்டும், டப்பாவை வீசக் கூடாது. மூடியை இறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி டாக்டரிடம் எடுத்துப் போகட்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவு – இவை பார்க்க வேண்டும். முகம் துடைத்த துண்டு, தலையணை உறை இவற்றிலும் பாதரசம் ஒட்டியிருக்கும், குழந்தைகள் அவற்றில் படுக்க வேண்டாம். பாதரசத்தால் வந்த சிறுநீரகக் கோளாறு பலருக்கு க்ரீமை விட்ட பிறகு படிப்படியாகத் தணிகிறது. ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

ஒரு நாள் விட்டால் எரிகிறது என்பது ஸ்டீராய்டின் கைவரிசை. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். நிறுத்தினால் அவை விரிந்து முகம் நெருப்பாகும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள், இப்படித்தான் அடிமையாவது. தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு வரும், பூனைமயிர் அடர்த்தியாகும். வெறும் ஸ்டீராய்டு என்றால் டாக்டர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, வாரக்கணக்கில் இடைவெளியைக் கூட்டி நிறுத்துவார், அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு கொடுப்பார். பாதரச சந்தேகம் இருக்கும்போது அந்த டப்பாவையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்ற பேச்சே கிடையாது.

வாங்கும்போது பார்க்க: உள்நாட்டுச் சரக்கில் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும், இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து, அழகு க்ரீம் அல்ல. "தங்கம், வெள்ளி நகைமேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று உறையில் இருந்தால் அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள். நகையைக் கெடுப்பது பாதரசம்தான்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 51. கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் போட்டாக்ஸ், ஃபில்லர் இரண்டும் "பேக்கேஜ்" என்று சொன்னார்கள். இரண்டும் ஒன்றா? எது வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, பாலக்காடு மாவட்டம்

கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரியுங்கள். நெரிக்கும்போது மட்டும் விழுந்து, விட்டால் மறையும் கோடு தசையால் வருவது. அதற்குத்தான் போட்டாக்ஸ். முகத்தைச் சும்மா வைத்திருக்கும்போதும் தெரியும் பள்ளம், மூக்கிலிருந்து வாய்முனைக்கு இறங்கும் மடிப்பு, ஒட்டிய கன்னம் – இவை உள்ளே சதை குறைந்ததால் வருபவை. அதை நிரப்புவது ஃபில்லர். மூக்கோர மடிப்புக்குப் போட்டாக்ஸ் போட்டால் சிரிப்பு கோணும்.

போட்டாக்ஸ் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகையைத் தடுக்கும் மருந்து. புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்காவில் 2002-ல் ஒப்புதல் கிடைத்தது. அந்த இடத்துக்கு வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து ஊசியாக. மூன்று நாளில் தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நாலு மாதத்தில் போய்விடும். மருந்து தூளாக வரும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் (உப்பு நீர்) விட்டால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். பேக்கேஜ் என்று சொல்லும் இடத்தில் கேட்க வேண்டியது இதுதான்: எனக்கு எத்தனை யூனிட், குப்பியை என் கண் முன்னால் கலக்குவீர்களா? தண்ணீர் கூட்டிக் கலந்தால் அளவு நிறையத் தெரியும், பலன் ஒரு மாதத்தில் ஓடிவிடும். போட்ட பிறகு நாலு மணி நேரம் படுக்கவோ அந்த இடத்தைத் தேய்க்கவோ வேண்டாம். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் இமை தொங்கும். தொங்கினாலும் வாரங்களில் சரியாகும். மயஸ்தீனியா போன்ற தசைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்களுக்கு இது வேண்டாம்.

ஃபில்லர் விஷயத்தில் நாங்கள் இன்னும் கறார். பெரும்பாலானவை ஹையலூரானிக் அமிலக் கூழ், இடத்தைப் பொறுத்து 6 முதல் 18 மாதம் நிற்கும். பயம் ஒன்றே ஒன்று: கூழ் ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த வழி அடைபடும். தோல் வெளிறி, பிறகு வலைபோல் நீலம் பாய்ந்து, கடுமையாக வலிக்கும். கவனிக்காமல் விட்டால் அந்தத் தோல் செத்துப்போகும். மூக்கிலும் புருவ நடுவிலும் போட்டபோது பார்வை போனவர்கள் உண்டு. கூழைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து கிளினிக்கில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பியூட்டி பார்லரில் ஊசி என்ற பேச்சே வேண்டாம்.

மகன் கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள். பார்லரில் பீலிங் செய்து, குளுத்தாதயோன் டிரிப்பும் ஏற்றினால் பத்து வயது குறையும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, நகரி

வேண்டாம், இரண்டும் வேண்டாம்.

அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் பீலிங் நல்ல சிகிச்சைதான், நேரம்தான் தப்பு. கிளைகாலிக் அமிலம் 30 சதவீதத்திலிருந்து தொடங்கி, கடிகாரம் வைத்து இரண்டு மூன்று நிமிடத்தில் நடுநிலையாக்கி, இரண்டு மூன்று வார இடைவெளியில் நாலைந்து தடவை செய்தால்தான் பலன். முன்னதாக இரண்டு நாலு வாரம் தோலைப் பழக்க வேண்டும். பழக்காத மாநிறத் தோலில் ஒரு நிமிடம் கூடிப்போனாலும் அந்த இடம் வெந்து, சூடு ஆறிய பின் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு போக மாதங்களாகும், ஆல்பத்தில் இருந்தால் போகவே போகாது.

குளுத்தாதயோன் ஊசி நிறத்துக்காகவோ இளமைக்காகவோ பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்டதல்ல. பிலிப்பைன்ஸ் மருந்து நிர்வாகம் 2011-லேயே எச்சரித்தது. ஒவ்வாமை வந்தால் பார்லரில் சமாளிக்க முடியாது. 12 நாளில் செய்யத்தக்கது: சன்ஸ்கிரீன், மாய்ஸ்சுரைசர், நல்ல தூக்கம். புது க்ரீம் ஒன்றுகூட இப்போது தொடங்காதீர்கள்.

நால்பாமராதி, குங்குமாதி, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை – இவற்றில் சுருக்கத்துக்கு எது கேட்கும்?
– வாசகி, நாகர்கோவில்

ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நாலு மரப்பட்டையோடு மஞ்சள் சேர்த்துக் காய்ச்சுவது நால்பாமராதி. குங்குமாதியில் குங்குமப்பூ உண்டு. இரண்டும் எண்ணெய், வறண்ட தோலில் எண்ணெய் தடவினால் மேல்கோடுகள் அன்றைக்குக் குறைந்தாற்போல் தெரியும், மிருதுவாகும். அந்த அளவில் நல்லதே. கொலாஜனைக் கூட்டும் என்பதற்கு ட்ரெட்டினாயினுக்கு உள்ளதைப் போன்ற சான்று இல்லை. பரு வரும் முகத்தில் இரவு முழுக்க விடாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் கடலைமாவில் கழுவிவிடுங்கள்.

கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் தளதளவென்ற மஞ்சள் நிறத்தில் விற்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்கு. அசல் பொடி சந்தன நிறத்தில், வாசனையாக இருக்கும். எலுமிச்சைச் சாறு மட்டும் முகத்தில் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுப்பாக்கும்.

மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். குளிர் ஊர்தானே, எனக்கு ஏன் இவ்வளவு கறுப்பும் சுருக்கமும்? மகள் கொலாஜன் பவுடர் வாங்கி அனுப்பியிருக்கிறாள்.
– வாசகி, மூணாறு

குளிர் வேறு, கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். சூடு உறைக்காததால் நிழலுக்கு ஒதுங்கத் தோன்றாது, அதுதான் சங்கடம். வியர்வையில் சன்ஸ்கிரீன் நிற்காது, அதனால் உங்களுக்கு முதல் மருந்து துணி: தலைத்துண்டுக்கு மேல் அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை. சன்ஸ்கிரீன் தண்ணீரில் கரையாத வகையாகப் பார்த்து, காலையும் பதினொரு மணி டீயின்போதும் பூசுங்கள்.

கொலாஜன் பவுடர் வயிற்றுக்குள் போனால் மற்ற புரதம் போலவே உடையும். சில ஆய்வுகளில் தோல் ஈரம் கொஞ்சம் கூடியது. ஆனால் 2025-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்தபோது பலன் தெரியவில்லை. தீங்கில்லை, வந்ததைக் குடித்துவிடுங்கள். அடுத்த டப்பாவுக்குப் பதில் மகளைத் தொப்பியும் இரண்டு டியூப் சன்ஸ்கிரீனும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் டெர்மா ரோலர் வாங்கி வீட்டில் உருட்டலாமா? லேசரைவிட மலிவாக இருக்கிறதே.
– வாசகர், செங்கோட்டை

டெர்மா ரோலர் என்பது ஊசி பதித்த உருளை. கிளினிக்கில் இதே வேலையை மைக்ரோநீட்லிங் என்று செய்யும்போது மரப்பு க்ரீம் போட்டு, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியால், இடத்துக்கு ஏற்ப 1 முதல் 2 மி.மீ. ஆழம் குத்துவார்கள், மாதம் ஒன்றாக மூன்று முதல் ஆறு தடவை. பருத் தழும்புக்கு நன்றாகவும் மெல்லிய சுருக்கத்துக்கு ஓரளவும் கேட்கும். மாநிறத் தோலில் கார்பன் டை ஆக்சைடு லேசரைவிடக் கறுக்கும் ஆபத்து குறைவு என்பது இதன் பெரிய நன்மை. வீட்டு ரோலரில் ஊசிமுனை சில தடவையில் மழுங்கி வளையும், குத்துவதற்குப் பதில் கீறும். கழுவினாலும் கிருமி போகாது. அதன்மேல் வைட்டமின் சி குப்பியைக் கவிழ்ப்பவர்களுக்கு ஒவ்வாமைக் கட்டிகள் வந்ததுண்டு. பரு இருக்கும்போது உருட்டினால் ஒரு பருவின் சீழை முகம் முழுக்க விதைத்த கதை. வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.